கலியமூர்த்தி வீட்டுக் கை

அவள் செத்த மறுநாள் பேப்பரில் நாலு வரி போட்டிருந்தார்கள். 'கூடைப்பந்து வீராங்கனை மாரடைப்பால் மரணம்' என்று தலைப்பு. மலர்க்கொடிக்கு வந்தது மாரடைப்பும் இல்லை, அவள் நாலு வரியில் அடங்குகிற ஆளும் இல்லை. அதனால்தான் நான் எழுத உட்கார்ந்தேன். எனக்கு எழுத்து வராது, கோபம்தான் வரும். அதை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என் பெயர் ஸ்ரீமதி. சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். மலர்க்கொடியும் நானும் பள்ளியிலும் கல்லூரியிலும் ஒரே அணியில் பந்து ஆடினோம். நான் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறவள். அவள் கூடைக்குக் கீழே நின்று கையைத் தூக்கினால் போதும், பந்து தானாக அவளிடம் போய்ச் சேரும். பத்தாவது படிக்கும்போதே ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. கிள்ளையிலிருந்து வருகிற டவுன் பஸ்ஸில் அவள் ஏறினால், "கம்பி எட்டாதவங்க எல்லாம் இந்தப் பொண்ணப் புடிச்சிக்குங்க" என்பார் கண்டக்டர். பஸ்ஸே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். நானாக இருந்தால் அந்த ஆளின் விசிலைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

அவள் ஊர் கிள்ளையைத் தாண்டிக் கடலோரம் இருக்கிற ஒரு சின்னக் குப்பம். அந்தப் பக்கத்துக் குப்பங்களிலிருந்து தமிழ்நாடு அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடிய முதல் பெண் அவள்தான். ஆனால் அவளுடைய கைக்குப் பந்தால் பெயர் வரவில்லை, கயிற்றால் வந்தது. அதை முதலில் சொல்ல வேண்டும்.

குப்பத்தில் கயிறு, வலை, கடலின் ஆழம் எல்லாவற்றுக்கும் பாகம்தான் அளவு. இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தால் இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனி வரைக்கும் ஒரு பாகம். பெரும்பாலானவர்களுக்கு ஆள் உயரமும் பாகமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், நீங்களே அளந்து பார்த்துக்கொள்ளலாம். மலர்க்கொடியின் அப்பா கலியமூர்த்திக்கு மட்டும் பாகம் உயரத்தை மிஞ்சி நிற்கும். அப்போதெல்லாம் பரங்கிப்பேட்டைக் கயிற்றுக் கடையில் வாங்குகிறவன் கையால் அளந்து கொடுப்பது பழக்கமாம். அதனால் ஊரில் யார் கயிறு வாங்கப் போனாலும் கலியமூர்த்தியைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். அவரைத் தூரத்தில் பார்த்ததுமே கடைக்கார பாய், "யா அல்லா, வந்துட்டான்யா, இன்னிக்கு யாவாரம் போச்சு" என்று தலையில் கை வைத்துக்கொள்வாராம். அப்புறம் டீயும் வாங்கித் தருவாராம்.

நாளாக ஆக அது ராசியாகிவிட்டது. புதுவலை போடுகிறவர்கள் முதல் பாகத்தைக் கலியமூர்த்தி கையால் அளக்காமல் கயிற்றில் கத்தி வைக்க மாட்டார்கள். 'கலியமூர்த்தி வீட்டுக் கை' என்றால் வலை நிறையும் என்று ஒரு பேச்சு. மலர்க்கொடி மூன்றாவது படிக்கும்போது அவர் கடலில் செத்துப்போனார். நல்ல வெயிலில், போட்டில் வலை இழுத்துக்கொண்டு இருந்தவர், "முதுவு கிழியுதுடா" என்று ஒரு சத்தம் போட்டாராம். அப்படியே சாய்ந்துவிட்டார். குடிக்கிற பழக்கம் இல்லாத மனிதர், வயது நாற்பதுகூட இல்லை. நடுக்கடலில் காத்து அடித்துவிட்டது என்று ஊரில் முடிவு செய்தார்கள். கரையில் பூசை போட்டார்கள். அதோடு விட்டுவிட்டார்கள்.

அதற்கப்புறம் அந்த ஊர் செய்த காரியம் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். புதுவலையைப் பொம்பளை தொடக் கூடாது என்று கறாராக இருக்கிற ஊர் அது. அப்படிப்பட்ட ஊரில் பஞ்சாயத்தார் கூடிப் பேசி, அப்பனுடைய கை மகளுக்கு வந்திருக்கிறது என்று சொல்லி, ஒன்பது வயதுப் பெண்ணைக் கூப்பிட்டு முதல் பாகம் அளக்கச் சொன்னார்கள். அவள் பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போய் நின்று கையை விரித்திருக்கிறாள். அந்த வருஷம் வலையும் நிறைந்தது. அன்றிலிருந்து அவள் கை ஊருக்குப் பொதுக் கை.

எங்கள் பள்ளிக்கூடத்துக் கோச் அரசு மாஸ்டர் அவளைக் கண்டுபிடித்ததும் அப்படித்தான். மீன் வாங்க வந்தவர் மணலில் கயிறு அளந்துகொண்டிருந்த பெண்ணைப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டார். மீனை மறந்து, ஏலக் கூடத்துச் சுவரில் அவளைச் சாய்த்து நிறுத்தி, சாக்பீஸால் உயரத்தைக் குறித்தார். கையை விரிக்கச் சொல்லி அதையும் குறித்தார். ஒரு சாண் அதிகம் இருந்தது. மனிதர் அந்த இடத்திலேயே குதித்தார் என்று மலர்க்கொடியின் அம்மா சௌந்தரம் சொல்வாள்.

"அம்மா, இந்தக் கை பந்துக்குன்னே பொறந்த கைம்மா. பொண்ண ஹாஸ்டலுக்கு அனுப்புங்க, மீதிய நான் பாத்துக்கறேன்."

சௌந்தரம் கூடை தூக்கி மீன் விற்கிறவள். அவள் வாய்க்குச் சிதம்பரம் மார்க்கெட்டே கொஞ்சம் ஒதுங்கிப் போகும். அரை டவுசர் போட்டுக்கொண்டு பொம்பளைப் பிள்ளை ஊர் ஊராகப் போய்க் குதிக்கிறது என்று பங்காளிகள் வீட்டில் வந்து நின்றபோது அவள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. நான் அப்போது அங்கே சோறு தின்றுகொண்டிருந்தேன்.

"நான் சேலைய முட்டிக்கு மேல சொருவிக்கிட்டு சேத்துல எறங்கி எறா புடிச்சப்ப ஒருத்தனும் வந்து கேக்கல. அப்ப அது கஞ்சிக்கு. இப்ப எம்பொண்ணு பேருக்கு எறங்குறா, ஒங்களுக்கு வலிக்குதா? போங்கய்யா, போயி வலையப் பாருங்க."

பங்காளிகள் வந்த வழியே திரும்பிப் போனார்கள்.

மலர்க்கொடி எப்படி ஆடுவாள் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்கு எதிரில் நிற்கிற ஆளே தெரியாது. சோடாபுட்டிக் கண்ணாடியைப் பாவாடை நாடாவால் தலையைச் சுற்றிக் கட்டிக்கொள்வாள். ஒரு மேட்ச்சில் கண்ணாடி உடைந்து, மீதி ஆட்டம் முழுக்கக் குத்துமதிப்பாகக் கூடையில் போட்டாள். "எங்கன்னு தெரியாது ஸ்ரீமதி, ஆனா அங்கதான் இருக்கும்" என்பாள். ஃப்ரீ த்ரோ எடுக்கும் முன் பந்தைக் காலுக்கிடையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் ஒருமுறை முழுசாக விரிப்பாள், கயிறு அளக்கிற மாதிரி. ரெஃப்ரிக்குக் கடுப்பாகும். எங்களுக்குத் தைரியம் வரும். விரல்களைப் பின்பக்கமாக வளைத்து மணிக்கட்டைத் தொடுவது அவளுக்கு விளையாட்டு. ஹாஸ்டலே கூடி நின்று வேடிக்கை பார்க்கும். நெஞ்செலும்பு நடுவில் கொஞ்சம் உள்வாங்கியிருக்கும். அந்தக் குழியில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு கீழே விழாமல் படுத்துக் காட்டுவாள்.

மாநில அணியில் ஆடி வந்த வருஷம் ஊரில் மேளம் வைத்து அழைத்துப் போனார்கள். ஏலக் கூடத்துக்குப் பக்கத்தில் மணலில் ஒரு கம்பம் நட்டு வளையம் மாட்டினார்கள். மணலில் பந்து எழும்பாது என்பது யாருக்கும் தோன்றவில்லை. அப்புறம் அவளே செங்கல் அடுக்கிச் சிமெண்ட் பூசித் தரை போட்டாள். அந்தத் தரையில்தான் அந்தக் குப்பத்துப் பெண் பிள்ளைகள் எல்லாம் ஆடப் பழகினார்கள். அவர்களில் சிலர் இப்போது கல்லூரி அணிகளில் இருக்கிறார்கள். கண்ணாடி தேவைப்படாதவர்கள்கூட ஒரு நாடாவைத் தலையில் கட்டிக்கொண்டு ஆடுவார்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

பழனிவேலைக் கட்டிக்கொண்டு கடலூர் முதுநகருக்குப் போனாள். அவர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை. அவள் தோளுக்குத்தான் இருப்பார். கல்யாணத்தில் மாலை மாற்ற மணமேடையில் அவருக்கு ஒரு பலகை போட்டார்கள். அவர் அந்தப் பலகையில் ஏறி நின்று, "இனிமே எங்க வீட்ல ஒட்டடை இருக்காது" என்றார். மலர்க்கொடி சிரித்த சிரிப்பில் நெற்றிச்சுட்டி கழன்று விழுந்தது. ஒரே மகள், வெண்மதி. அவளுக்கும் நெட்டைக் கை, நெட்டை விரல். இப்போது ஏழாவது படிக்கிறாள். அம்மா ஸ்டேடியத்தில் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கும்போது இவளும் நாடா கட்டிக்கொண்டு கூடவே ஆடுவாள்.

போன வருஷம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. என் பிள்ளைகளையும் அவள் பிள்ளைகளையும் மோதவிடலாம் என்று கடலூருக்குப் போயிருந்தேன். பந்து கூடையில் பட்டுத் திரும்பும்போது எப்படி எகிறிப் பிடிப்பது என்று அவள் ஆடிக் காட்டினாள். எகிறிப் பிடித்தாள், தரைக்கு வந்தாள், பந்தை என்னிடம் நீட்டினாள்.

"ஸ்ரீமதி, முதுவ யாரோ கிழிக்கிற மாதிரி இருக்குடி."

நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை, முதுகுதான் என்றாள். வாயுப் பிடிப்பு என்று யாரோ சோடா வாங்கி வந்தார்கள். அவள் குடித்தாள். கொஞ்சம் சரியான மாதிரி இருந்தது, பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைகளைத் திட்டக்கூடச் செய்தாள். அப்புறம் முகம் வெளுத்தது. ஆட்டோவில் அவள் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என் மடியில் தலை வைத்திருந்தாள். வழியிலேயே அந்தத் தலை கனத்துவிட்டது. எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் டிரைவரை வேகமாகப் போகச் சொல்லிக் கத்திக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. எல்லாம் முடிந்தபிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"இவங்க எப்பவுமே இவ்ளோ ஒல்லியா, ஒசரமாவா இருப்பாங்க?"

"ஆமா மேடம். மாவட்டத்துலயே இவதான் ஒசரம்."

"பார்வை?"

"கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியாது. அப்படியும் கூடையில போடுவா."

"கை விரிச்சா ஒசரத்த விட ஜாஸ்தி இருக்குமா?"

"ஒரு சாண் ஜாஸ்தி மேடம். அதுக்காகவேதான் அவள டீம்ல எடுத்தாங்க."

"வெரல் நல்லா வளையுமா? நெஞ்செலும்பு உள்ள போயிருக்கா?"

அதற்கும் ஆமாம் என்றேன். எலுமிச்சம்பழக் கதையைச் சொன்னேன். அழுதுகொண்டே பெருமையாகச் சொன்னேன். ஒவ்வொன்றும் அவளைப் புகழ்ந்து நாங்கள் சொல்லிச் சொல்லித் திரிந்தது. டாக்டரம்மாவின் முகம் வாடிக்கொண்டே போனதை நான் கவனிக்கவில்லை.

"வீட்ல யாராவது சின்ன வயசுல திடீர்னு..."

"அப்பா. கடல்ல. முதுவு கிழியுதுன்னு சொன்னாராம்."

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்த பிறகுதான், காலையில் மலர்க்கொடியும் அதையே சொன்னது எனக்கு உறைத்தது.

அது பிறவியிலேயே வருகிற ஒரு கோளாறாம். எலும்பை நீட்டிவிடும், கண்ணைக் கெடுக்கும், இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக் குழாயை உள்ளுக்குள் இளக்கிவிடும். ஒரு நாள் அந்தக் குழாய் கிழியும். முன்னாலேயே தெரிந்தால் மாத்திரை இருக்கிறது, ஆபரேஷன் இருக்கிறது, குதித்து ஆடாமல் பார்த்துக்கொண்டால் நெடுநாள் வாழலாம். இவ்வளவையும் பொறுமையாகச் சொல்லிவிட்டு டாக்டரம்மா கேட்டார்.

"கொழந்தைங்க இருக்காங்களா? பாதிக்குப் பாதி அவங்களுக்கும் வர வாய்ப்பு இருக்கும்மா. ஒடனே பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயி ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க."

வெண்மதி அப்போது வெளியே பெஞ்சில் அம்மாவின் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஊருக்குக் கொண்டுபோனோம். அன்றைக்கு ஒரு போட்டும் கடலுக்குப் போகவில்லை. வாடகைக்கு வந்த ஐஸ்பெட்டி அவளுக்குப் போதவில்லை, கால் மடங்கியது. பழனிவேல் அதைப் பார்த்துவிட்டு, "எம்பொண்டாட்டிய மடக்காதீங்க" என்று ஒரு சத்தம் போட்டார். கம்பெனிக்கு ஆள் அனுப்பி, பார் பாராக ஐஸ்கட்டி இறக்கி, பலகைமேல் அவளை நீட்டிக் கிடத்தி, இரண்டு பக்கமும் தன் கையால் அடுக்கினார். கோணி போட்டு மூடினார். இருபது வருஷமாகப் பிறர் பிடித்த மீனுக்கு ஐஸ் அடுக்கிய கை அது. நான் அழுதேன். இதை எழுதும்போதும் அழுகிறேன்.

அரசு மாஸ்டர் அந்த ஏலக் கூடத்துச் சுவருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் விஷயத்தைச் சொன்னதும் அந்தச் சுவரையே தடவிக்கொண்டிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது, அப்புறம் போய்விட்டது. அந்தக் கையை அளக்காதவர் யார்? பாய் அளந்தார், ஊர் அளந்தது, கோச் அளந்தார், செலக்‌ஷன் கமிட்டி டேப் வைத்து அளந்தது. அளந்தவர்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். இது நோயாக இருக்குமோ என்று கேட்க ஒருத்தருக்குமே தோன்றவில்லை.

மூன்றாம் நாளே வெண்மதியை ஸ்கேனுக்குக் கூட்டிப்போகலாம் என்று பழனிவேலிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

"இப்ப வேணாம் ஸ்ரீமதி. கருமாதி முடியட்டும்."

"அண்ணே, இதுக்கெல்லாம் நாள் பாக்கக் கூடாதுண்ணே."

"இருக்குன்னு சொல்லிட்டாங்கன்னா? அப்புறம் நான் தெனம் அதும் மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படி இருப்பேன்? ஒண்ணு போயி முழுசா மூணு நாள் ஆவல. விடும்மா."

சௌந்தரம் அதைவிட மோசம். நோய் என்கிற வார்த்தையே அந்த வீட்டில் வரக் கூடாது என்றாள். "எம்புருசன காத்து அடிச்சுது, எம்பொண்ணுக்கு மாரடைப்பு. எங்க வீட்டுக் கை ராசியான கை. நீ வந்து அதுக்கு நோவுன்னு பேரு வைக்காத, ஆமா" என்று வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டாள். அவளிடம் சண்டை போட்டு ஜெயித்தவர்கள் கிடையாது. இந்த முறை நான் விடவில்லை. டாக்டரம்மா கேட்ட கேள்விகளை வாசலில் நின்றபடி ஒன்று விடாமல் அவளிடம் கேட்டேன். முதுகு கிழிகிறது என்று இரண்டு பேருமே சொன்னதைச் சொன்னேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்நேரம் ஏலக் கூடத்துப் பக்கம், அம்மா போட்ட சிமெண்ட் தரையில் வெண்மதி பந்து தட்டுகிற சத்தம் கேட்டது. எகிறிக் குதிக்கிற சத்தமும் கேட்டது. நான் ஒவ்வொரு குதிப்பையும் எண்ணிக்கொண்டே நின்றேன்.

கருமாதி முடிந்த மறுநாள் பஞ்சாயத்தார் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். கையில் புதுக் கயிறு. துக்கம் கழித்துக் கடலில் இறங்குவதற்கு முன், புதுவலைக்கு முதல் பாகம் அந்த வீட்டுக் கையால் அளக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் மனதில் கள்ளம் இல்லை. செத்துப்போனவளுக்குச் செய்கிற மரியாதை என்றுதான் நினைத்தார்கள். இனிமேல் கை வெண்மதியுடையது. ஊரே மணலில் கூடிவிட்டது.

நான் பழனிவேலைப் பார்த்தேன். அவர் தலை குனிந்திருந்தார். சௌந்தரத்தைப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் தடுக்கவில்லை.

வெண்மதி நடுவில் வந்து நின்றாள். தலையில் நாடா. அம்மா ஃப்ரீ த்ரோவுக்கு முன் செய்வதைப் போலவே கண்ணை மூடி, மூச்சை இழுத்து, இரண்டு கையையும் முழுசாக விரித்தாள். பெரியவர் ஒருத்தர் இந்த விரலிலிருந்து அந்த விரல் வரை கயிற்றை இழுத்துப் பிடித்துக் கத்தி வைத்து வெட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கலியமூர்த்தி காலத்தில் ஒரு வேடிக்கை உண்டாம். அளந்த கயிற்றை ஆள் உயரத்துக்கு வைத்துக் காட்டி எல்லோரும் சிரிப்பார்களாம். அந்த ஞாபகத்தில் அவர் கயிற்றின் ஒரு முனையை வெண்மதியின் உச்சந்தலையில் வைத்து மறு முனையைத் தொங்கவிட்டார்.

கயிறு தோளைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி, முட்டியைத் தாண்டி இறங்கியது. குதிகாலில் நிற்கட்டும் என்று நான் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். அது நிற்கவில்லை. குதிகாலைத் தாண்டி மணலில் சுருண்டு விழுந்தது.

"அப்புடியே அம்மா கைடா!" என்று கூட்டம் கத்தியது. கைதட்டினார்கள். விசில் அடித்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பழனிவேல் மணலில் கிடந்த அந்தக் கயிற்றையே பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போனேன்.

"ஸ்ரீமதி, பாண்டிச்சேரிக்கு மொத பஸ்ஸு எப்பம்மா?" என்று கேட்டார்.

வெண்மதி இன்னும் கையை இறக்கவில்லை. அம்மா செத்த நாளிலிருந்து சிரிக்காத பிள்ளை, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தது. ஆயாவைத் தேடித் திரும்பியது.

"ஆயா, எனக்கும் அம்மா மாதிரியே இருக்கில்ல?"

சௌந்தரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள். பேத்தியின் ஒரு கையைப் பிடித்து மடக்கினாள். இன்னொரு கையையும் மடக்கி, இரண்டையும் அவள் நெஞ்சோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்குடி கண்ணு. அப்புடியே இருக்கு. நீ கைய மடக்கு. போதும், மடக்கிக்க."